கரண்டி பிடித்த கை எழுதிய புத்தகம்

பம்பாய், டில்லி, கல்கத்தா என்று தூர தேசம் போல் தோன்றிய ஊர்களுக்கு ஐம்பது, அறுபது வருஷங்களுக்கு முன்னால் குடித்தனம் வைக்கப் போன நம் பெண்களில் பலருடைய டிரங்குப் பெட்டியில், புடவைகளுக்கு நடுவே ஒரு சமையல் புத்தகம் இருந்தது. 'சமைத்துப் பார்' என்று அதற்குப் பெயர். எழுதியவர் எஸ். மீனாக்ஷி அம்மாள். அட்டை கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்து, மஞ்சள் பொடி ஒட்டிக்கொண்டு இன்றும் அது எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. புத்தகத்தை நாம் எல்லோரும் அறிவோம். அதை எழுதிய அம்மாளின் வாழ்க்கையை அறிந்தவர்கள் குறைவு.

அந்த வாழ்க்கையை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மும்பையில் சில சிநேகிதிகளுடன் சேர்ந்து, வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த தாய்மார்களுக்குச் சமையலைப் பிழைப்புக்கான தொழிலாகக் கற்றுக்கொடுத்து வருகிறேன். வாரம் இரண்டு நாள், மத்தியான வேளையில் வகுப்பு. அந்த வகுப்பில் எங்களுக்கு உண்மையான ஆசிரியை மீனாக்ஷி அம்மாள்தான். அவர் வாழ்க்கையும் அவர் புத்தகம் எழுதிய முறையும் இந்தத் தாய்மார்களுக்கு ஏன் இவ்வளவு பொருந்துகின்றன என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

இளமையிலேயே விழுந்த இடி

மீனாக்ஷி அம்மாள் 1905-ஆம் ஆண்டு பிறந்தவர். இளம் வயதிலேயே விவாகம் ஆயிற்று. இருபதுகளின் தொடக்கத்திலேயே கணவரை இழந்தார். கையில் ஒரு சிறு பிள்ளை. வீட்டில் மாமியார். இவர்களோடு இன்னும் சிறுவனாகவே இருந்த கணவரின் தம்பி. இத்தனை பேரையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அந்த இளம் பெண்ணின் தலையில் விழுந்தது.

அந்தக் காலத்தில் நம் சமூகத்தில் ஒரு விதவையின் நிலை என்ன என்பதை இன்றைய தலைமுறைக்குச் சற்று விளக்கத்தான் வேண்டும். கூட்டுக் குடும்பச் சொத்தில் கணவனின் பங்கு மனைவிக்கு வரும் என்று சட்டம் சொன்னது 1937-ல்தான். அதுவும் அவள் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை மட்டும். முழு உரிமை 1956-ல் வந்தது. மீனாக்ஷி அம்மாள் கணவரை இழந்தபோது இந்த இரண்டு சட்டங்களும் இல்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கல்யாணம், சீமந்தம் போன்ற மங்கள காரியங்களில் விதவை முன்னால் வந்து நிற்கக்கூடாது என்பது வழக்கம். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் எதிரே அவள் வரக்கூடாது. இதையெல்லாம் நம் பெரியவர்கள் வீடுகளில் நாமே பார்த்திருக்கிறோம்.

அப்படிப்பட்ட பெண்களுக்கு இரண்டு வழிகள்தாம் இருந்தன. ஒன்று படிப்பு. தாமே பால்ய விதவையான சகோதரி சுப்புலக்ஷ்மி 1911-ல் பி.ஏ. தேறி, சென்னையில் இளம் பிராமண விதவைகளுக்காக இல்லம் தொடங்கினார். கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் நடந்த அந்த இல்லத்திலிருந்து பல பெண்கள் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். ஆனால் அந்த வழி எல்லோருக்கும் வாய்க்கவில்லை. மற்றவர்களுக்கு இருந்த இரண்டாவது வழி சமையலறை. அண்ணா வீட்டிலோ, மாமா வீட்டிலோ, தூரத்து உறவினர் வீட்டிலோ அடுப்படியில் நின்று, விடிகாலை முதல் ராத்திரி வரை அந்தக் குடும்பத்துக்கே சமைத்துப் போட வேண்டும். அதற்குக் கூலி என்று ஒன்றும் கிடையாது. சாப்பாடும், வருஷத்துக்கு இரண்டு புடவையும், ஒண்டிக்கொள்ள ஓர் இடமும்தான். ஊரே மெச்சும்படி சமைத்த எத்தனையோ அத்தைகளும் சித்திகளும் பாட்டிகளும் தங்கள் கைக்கு என்று ஒரு காசு பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய பக்குவமும் அவர்களோடேயே போயிற்று.

மீனாக்ஷி அம்மாளிடமும் இருந்த செல்வம் அந்தச் சமையல்தான். அதை வைத்துக்கொண்டு அவர் யாரும் போகாத ஒரு வழியில் போனார்.

கடிதத்தில் தொடங்கிய பாடம்

அவருடைய கைமணம் உறவினர்கள் நடுவே பிரசித்தம். கல்யாணமாகி வெளியூர் போன பெண்கள், இதை எப்படிச் செய்வது, அதற்கு எவ்வளவு போடுவது என்று அவரைக் கேட்பார்கள். அவரும் சலிக்காமல் எழுதிக் கொடுப்பார். இப்படிக் கேட்பவர்கள் பெருகவே, அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதை விட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டால் என்ன என்பது அந்த யோசனை. பிற்பாடு புத்தகத்துக்கு முன்னுரை தந்தவரும் அவர்தான்.

யோசனை சொல்வது எளிது. அச்சுக்குப் பணம் வேண்டுமே! மீனாக்ஷி அம்மாள் தம் நகைகளை விற்றார். அந்தக் காலத்தில் கணவனை இழந்த பெண்ணுக்கு நகைதான் கடைசி ஆதாரம். வியாதி, வெக்கை, பிள்ளையின் படிப்பு என்று வந்தால் அதில்தான் கை வைக்க வேண்டும். அதை எடுத்து அச்சாபீஸில் கொடுப்பது என்றால் எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். சமையல் புத்தகத்தைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள், வீட்டில் அம்மா இல்லையா, மாமியார் இல்லையா என்று கேட்கக்கூடிய காலம் அது. 1951-ல் முதல் பாகம் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு.

காலமும் அதற்குக் கனிந்திருந்தது. சுதந்திரம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. மத்திய சர்க்கார் உத்தியோகம், ரயில்வே, பாங்கு, கம்பெனி வேலை என்று நம் பையன்கள் வடக்கே போய்க்கொண்டிருந்தார்கள். கல்யாணமான பெண், பதினெட்டு இருபது வயதில், கரோல்பாகிலோ மாடுங்காவிலோ ஒரே அறையில் குடித்தனம் தொடங்குவாள். பக்கத்தில் கேட்க ஒருவரும் இல்லை. டெலிபோன் இல்லை. ஊருக்குக் கடிதம் போட்டுப் பதில் வருவதற்குள் அன்றைய சாம்பார் மட்டுமல்ல, அடுத்த வார சாம்பாரும் ஆகிவிடும். அந்தப் பெண்ணுக்கு இந்தப் புத்தகம் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கும் ஒரு மாமியாக அமைந்தது.

அளவு சொன்ன பெருமை

தமிழில் சமையல் நூல்கள் அதற்கு முன்பும் வந்ததுண்டு. மீனாக்ஷி அம்மாளின் சிறப்பு எங்கே இருக்கிறது என்றால், ஒன்றுமே தெரியாதவளுக்குச் சொல்வது போல் அவர் சொன்னதில் இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களிடம் எவ்வளவு உப்பு என்று கேட்டுப் பாருங்கள். திட்டமாகப் போடு என்பார்கள். புளி எவ்வளவு என்றால் கொஞ்சம் என்பார்கள். எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்றால் பச்சை வாசனை போகிற வரைக்கும் என்பார்கள். இத்தனை வருஷ அநுபவம் உள்ள கைக்குத் திட்டம் தெரியும். புதுக் கைக்கு எப்படித் தெரியும்?

மீனாக்ஷி அம்மாள் முதலில் வேண்டிய சாமான்களை அளவோடு சொன்னார். பிறகு செய்முறையை வரிசையாகச் சொன்னார். படியும் ஆழாக்கும் பலமும் தோலாவும் புழங்கிய காலம் அது. எட்டு ஆழாக்கு ஒரு படி. மூன்று தோலா ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை. படியின் அளவே ஊருக்கு ஊர் வேறு. அடுப்போ விறகடுப்பு அல்லது கரி போட்ட குமுட்டி. இப்போதைய காஸ் அடுப்பைப் போல் குமிழைத் திருப்பித் தீயைக் குறைக்க முடியாது. இந்த நிலைமையில், எந்த ஊரில் யார் செய்தாலும் ஒரே ருசி வரும்படி எழுதுவது என்பது லேசான காரியம் இல்லை. தன் கை தானாகச் செய்வதை நிறுத்தி, நிதானித்து, ஒவ்வொன்றையும் அளந்து பார்த்துத்தான் எழுதியிருக்க முடியும்.

முதல் பாகத்துக்குக் கிடைத்த வரவேற்பைத் தொடர்ந்து மேலும் இரண்டு பாகங்கள் வந்தன. அன்றாடச் சமையலில் தொடங்கி, பலகாரம், பக்ஷணம், ஊறுகாய், வடாம் என்று விரிந்து, பண்டிகைகளுக்கும் விசேஷங்களுக்கும் உரியவை வரை அவர் எழுதினார். 1958 முதல் நாட்டில் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வந்தன. வீசை போய்க் கிலோ வந்தது. ஒரு வீசை சுமார் 1.4 கிலோ, ஒரு பலம் சுமார் 35 கிராம். பழைய அளவில் சொன்னதைப் புது அளவுக்கு மாற்றிப் போட முடிந்ததே, முதலிலேயே அளவு என்று ஒன்றை அவர் சொல்லியிருந்ததால்தான். திட்டமாக என்று சொல்லியிருந்தால் எதை மாற்றுவது?

புத்தகத்தை அவர் ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிடவில்லை. தாமே பதிப்பித்தார். அதனால் அதன் வருமானம் அந்தக் குடும்பத்துக்கே வந்தது. மருமகள், பேத்தி என்று அடுத்த தலைமுறைகள் வரை குடும்பத்தாரே பதிப்பித்து வந்திருக்கிறார்கள். அவர் மறைவுக்குப் பின் 'குக் அண்ட் ஸீ' என்று ஆங்கிலத்திலும் வந்தது. அமெரிக்கா போகும் பையன்களின் பெட்டியிலும் அது ஏறியது.

1962-ல் மீனாக்ஷி அம்மாள் காலமானார். வயது ஐம்பத்தேழுதான். முதல் பாகம் வந்த பிறகு அவர் வாழ்ந்தது பதினோரு வருஷம்.

ஒரு விஷயத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். கணவனை இழந்தவள் மணமேடைப் பக்கம் வரக்கூடாது என்று நாம் வைத்திருந்தோம். அப்படிப்பட்ட ஓர் அம்மாள் எழுதிய புத்தகத்தைத்தான் வாங்கி, கல்யாணப் பெண்ணுக்குச் சீரோடு சேர்த்து வைத்துக் கொடுத்தோம். தலை தீபாவளிக்கு எந்தப் பக்ஷணம் என்று அவரைத்தான் கேட்டோம். அவர் இதைப் பற்றி யாரிடமும் வாதம் செய்ததாகத் தெரியவில்லை. புத்தகம் வீட்டுக்குள் போயிற்று. அவ்வளவுதான்.

எங்கள் வகுப்பில் அவர்

இனி எங்கள் தாய்மார்களிடம் வருகிறேன். இவர்களில் சிலர் கணவனை இழந்தவர்கள். சிலருக்குக் கணவர் இருந்தும் வருமானம் இல்லை. ஒருவர் தினமும் இரண்டு வீடுகளில் சமைத்துவிட்டு வகுப்புக்கு வருகிறார். எல்லோருக்கும் சமைக்கத் தெரியும். நன்றாகவே தெரியும். அப்படியானால் எதைக் கற்றுக் கொடுக்கிறோம் என்று முதலில் என்னைப் பலர் கேட்டார்கள்.

மீனாக்ஷி அம்மாள் செய்ததையே கற்றுக் கொடுக்கிறோம். முதல் நாள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்துவிடுவோம். நடுவில் ஒரு தராசு இருக்கும். வழக்கம் போல் கையால் அள்ளிப் போடுங்கள், ஆனால் போடுவதற்கு முன் தராசில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள் என்போம். முதல் வாரம் எல்லோருக்கும் சிரிப்பாக இருக்கும். மாமி, உப்பைக்கூடவா நிறுக்க வேண்டும் என்பார்கள். இரண்டாவது வாரம் சிரிப்பு நின்றுவிடும். நாலு பேருக்குச் செய்யும்போது கை சொல்லும் அளவு, நாற்பது பேருக்குச் செய்யும்போது தவறிவிடும். பத்து மடங்கு ரசத்துக்குப் பத்து மடங்கு பெருங்காயம் போட்டால் வாயில் வைக்க முடியாது. அதை எழுதி வைத்து, செய்து பார்த்து, திருத்தி எழுதினால்தான் பிடிபடும். ஆர்டர் கொடுப்பவர்கள் போன மாதம் வாங்கிய அதே ருசியை இந்த மாதமும் எதிர்பார்ப்பார்கள். வீட்டில் ஒரு நாள் உப்புக் குறைந்தால் சகித்துக்கொள்வார்கள். விலை கொடுத்தவர்கள் சகித்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது பாடம் கணக்கு. புளிக்காய்ச்சல் மிக அருமையாகச் செய்யும் ஒரு தாயார், ஒரு கிலோ 350 ரூபாய்க்கு விற்றுவந்தார். புளி, நல்லெண்ணெய், மிளகாய், பெருங்காயம், கடலை எல்லாம் சேர்ந்து 280 ரூபாய். எழுபது ரூபாய் லாபம் என்று எண்ணியிருந்தார். நோட்டில் எழுதச் சொன்னோம். பாட்டில் 30 ரூபாய், காஸ் 15 ரூபாய், கொண்டுபோய்க் கொடுத்த ஆட்டோவில் அவர் பங்கு 20 ரூபாய். மிஞ்சியது ஐந்து ரூபாய். புளியைக் கரைத்து, காய்ச்சி, ஆற வைத்து, பாட்டிலில் அடைக்க அவருக்கு ஆன நேரம் நாலு மணி. அந்த நாலு மணிக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டபோது அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தன் உழைப்புக்கு ஒரு விலை உண்டு என்று அதுவரை யாரும் அவரிடம் சொன்னதே இல்லை. கூலி இல்லாமல் சமைத்துப் போட்ட அந்தப் பழைய அத்தைகளின் வழக்கம் இன்னும் நம் பெண்கள் மனத்தில் இருக்கிறது என்பதை அன்று கண்டேன். இப்போது அவர் விலையை உயர்த்தியிருக்கிறார். இரண்டு பேர் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் வாங்குகிறார்கள். பையனின் ஸ்கூல் பீஸ் இந்த வருஷம் கடன் வாங்காமல் கட்டியாயிற்று என்று சொன்னார்.

மூன்றாவது பாடம் சுத்தமும் சட்டமும். வீட்டிலிருந்து செய்து விற்றாலும் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். பாட்டிலின் மேல் செய்த தேதி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதி ஒட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போடுவது இந்தத் தாய்மார்களுக்குப் பயமாக இருக்கும். அதற்கு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கூட உட்கார்ந்து உதவுகிறார்கள்.

இந்த வகுப்புக்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. எந்த ஊர்க் கிளையும் இதை நடத்தலாம். ஒரு ஹால், இரண்டு அடுப்பு, ஒரு நல்ல தராசு, நோட்டுப் புத்தகங்கள், சமையலும் கணக்கும் தெரிந்த இரண்டு மூன்று மாமிகள். இவ்வளவு போதும். வகுப்பு நேரம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாக இருக்க வேண்டும். கைக்குழந்தை உள்ளவர்கள் வந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் கவனிக்காவிட்டால், யாருக்காக நடத்துகிறோமோ அவர்களே வர முடியாமல் போய்விடும்.

அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரில் இப்படி ஒரு தாயார் ஊறுகாயோ, பொடியோ, பக்ஷணமோ, ச்ராத்த நாளுக்கு வேண்டிய சாமான்களோ செய்து கொடுக்கிறார் என்று தெரிந்தால், அவரிடம் வாங்குங்கள். வாங்கும்போது, நம்மவர்தானே, கொஞ்சம் குறைத்துக்கொள்ளக்கூடாதா என்று கேட்காதீர்கள். பெரிய கடையில் பேரம் பேசாமல் கொடுக்கும் அதே விலையை அவருக்கும் கொடுங்கள். கைமணத்தைப் பாராட்ட நமக்கு எப்போதும் தெரியும். மீனாக்ஷி அம்மாள் நகையை விற்றுப் போட்ட புத்தகத்தை நம் முன்னோர்கள் இரவல் வாங்கிப் படித்துவிட்டுப் பாராட்டியதோடு நின்றிருந்தால், அவர் குடும்பம் பிழைத்திருக்காது. காசு கொடுத்து வாங்கினார்கள்.